வெட்கத் துண்டு

காதிஸ், 20 பிப்ரவரி 2005

செர்வாந்தோ,

தொலைபேசியில் சொல்லியிருக்கலாம். நீ எடுப்பதில்லை. எடுக்கிற பெண்ணோ, "அவர் மேடைல இருக்காரு, இப்போ வர முடியாது" என்று ராகம் போட்டுச் சொல்கிறாள். சமையல்காரனுக்கு எதற்கு மேடை என்று கேட்டால் வைத்துவிடுகிறாள். அதனால்தான் இந்தக் கடிதம். அக்காவின் கையெழுத்து இன்னும் மறக்கவில்லை என்று நம்புகிறேன்.

அப்பா விழுந்துவிட்டார். கார்னிவல் ஞாயிற்றுக்கிழமை நடுப்பகல். கடையில் நிற்க இடமில்லை, பாதிப் பேர் வேஷத்தில் இருந்தார்கள். சுறா வறுவல் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு கவுண்டருக்குப் பின்னாலிருந்து வந்தவர் அப்படியே சாய்ந்தார். ஏதோ கூத்துக் காட்டுகிறார் என்று எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் தம்பி. அதை நினைத்தால் எனக்கு இப்போதும் உடம்பு கூசுகிறது.

பக்கவாதம். வலது கையும் காலும் வரவில்லை. பேச்சும் போய்விட்டது. நாற்பத்தாறு வருடமாகக் கடையில் கூவினாரே, "இதோ வருது!" என்று, அது ஒன்றுதான் மிச்சம். தண்ணீர் வேண்டுமா என்றாலும் "இதோ வருது". வலிக்கிறதா என்றாலும் "இதோ வருது". நேற்று பாதிரியார் வந்து ஜெபம் சொல்லி முடித்ததும் அதையே சொன்னார். பாதிரியாருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

இப்போது பிரச்சினை சாப்பாடு. தொண்டை சரியாக மூடுவதில்லையாம். தண்ணீராக எது போனாலும் நுரையீரலுக்குள் இறங்கிவிடும். குடிக்கிற தண்ணீரைக்கூட மாவு போட்டுக் கூழாக்கித்தான் கொடுக்கிறேன். மீனை அரைத்து, காய்கறியை அரைத்து, ஒரு சின்னத் தட்டில் வைத்து முன்னால் உட்காருகிறேன். அவர் ஒரு வாய் வாங்குவதில்லை. இடது கையால் தட்டை என் பக்கம் தள்ளுகிறார். கெஞ்சினேன், திட்டினேன், ஒருநாள் மூக்கைப் பிடித்துக்கூடப் பார்த்தேன். நர்ஸ் வந்து ஏற்றுகிற குளுக்கோஸில்தான் ஓடுகிறது, எட்டு கிலோ இறங்கிவிட்டது. மருத்துவர் நேராகவே சொல்லிவிட்டார்: "ஒரு மாசம் பாக்கலாம். அதுக்குள்ள சாப்பிடலன்னா வயித்துல குழாய்தான்."

அந்தக் கூழைப் பார்த்து அருவருப்புப்படுகிறார் என்று நினைக்கிறேன். ஆயுள் முழுக்க மீன் பொரித்தவர் முன்னால் சாம்பல் நிறத்தில் ஒன்றை வைத்தால் யார்தான் தின்பார்கள்? நீதான் எதையும் எதுவாகவும் மாற்றுகிறவனாயிற்றே. பத்திரிகையில் படம் போடுகிறார்கள். சாப்பாடு மாதிரி இருக்கிற ஒன்றை, அவர் தொண்டை தாங்குகிற மாதிரி, செய்து அனுப்பு. முடிந்தால் நீயே கொண்டு வா.

நீங்கள் இருவரும் பேசிக்கொள்வதில்லை என்பது எனக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்கிறேன்.

பால்மா


மாட்ரிட், 1 மார்ச் 2005

அக்கா,

கடிதத்தை நாலு முறை படித்தேன். வர முடியாது. கோபித்துக்கொள்ளாதே, காரணத்தைக் கேள். மே மாதம் சிறந்த உணவகங்களின் பெரிய பட்டியல் வெளியாகிறது. எங்கள் பெயர் அதில் வரும் என்கிறார்கள். எந்த மேசையில் யார் வேவு பார்க்க உட்கார்ந்திருக்கிறார்கள் என்று தெரியாது. ஒருநாள் நான் இல்லாவிட்டாலும் எல்லாம் குளறுபடியாகிவிடும்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. அது உனக்கும் தெரியும். கடை திறந்த அன்று அப்பாவை உங்களோடு முதல் மேசையில் உட்கார வைத்தேன். நம் ஊரில் எல்லோரும் பகிர்ந்து தின்னும் தபாஸ் தட்டில் மிஞ்சும் கடைசித் துண்டை யாரும் எடுக்க மாட்டார்களே, 'நீ எடு, நீ எடு' என்று தள்ளிக்கொண்டே இருப்பார்களே, அந்த வெட்கத் துண்டை வைத்துத்தான் என் கடையையே கட்டினேன். பெயரே 'வெட்கம்'. மேசையில் எத்தனை பேரோ அதற்கு ஒன்று குறைத்துத்தான் தட்டில் வைப்பேன். கடைசித் துண்டை யாரும் தொடாமல் இருந்தால் விளக்கெல்லாம் அணையும். புனித வாரத்து ஊர்வலம் மாதிரி முரசு கொட்டும். அந்தத் துண்டின்மேல் மட்டும் வெளிச்சம் விழும். யாராவது துணிந்து எடுத்தால் பரிமாறுகிறவர்கள் எல்லோரும் மண்டியிட்டு வணங்குவார்கள். மக்கள் சிரித்துச் சிரித்து அழுகிறார்கள் அக்கா. நம் ஊரிலிருந்து நான் எடுத்துக்கொண்டு வந்ததே அது ஒன்றுதான். அப்பாவுக்குப் பிடிக்கும் என்று நினைத்தேன்.

பத்தொன்பது தட்டு போயிற்று. ஒன்றைக்கூட அவர் தொடவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சமையலறைச் சன்னலிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். அவமதிக்கத்தான் வந்தார் என்று தோன்றியது. அதனால் வெளியே வந்து, "பொரிச்ச மீனத் தவிர வேற எதுவும் தின்னத் தெரியாத ஆளுக்கு இங்க என்ன வேல?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டேன். அவர் கைத்துணியை மடித்து வைத்துவிட்டுப் போனார். அந்த மனிதர் முன்னால் நான் இப்போது எந்த முகத்தோடு நிற்பது?

இத்துடன் பஸ் ஓட்டுநர் கையில் ஒரு ஐஸ் பெட்டி அனுப்புகிறேன். என் ஆலிவ்கள். பார்த்தால் ஆலிவ், ஆனால் கடிக்கவே வேண்டாம், நாக்கில் வைத்தால் தானே உடையும். இதைச் சாப்பிடத்தான் பாரிசிலிருந்து வருகிறார்கள்.

செர்வாந்தோ


காதிஸ், 9 மார்ச் 2005

பாரிஸ்காரர்களுக்கே கொடு உன் ஆலிவை.

பெட்டியைத் திறந்து மூன்றைத் தட்டில் வைத்தேன். அப்பா முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீ. ஒரு மாதத்தில் முதல்முறையாகச் சிரித்தார், பாதி முகத்தால். நான் மூன்றையும் அவர் பக்கம் நகர்த்தினேன். அவர் இரண்டை என் பக்கம் தள்ளிவிட்டு ஒன்றை மட்டும் தானே இடது கையால் எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அது வாயில் உடைந்ததும் உள்ளேயிருந்த சாறு நேராக மூச்சுக்குழாய்க்குப் போய்விட்டது. முகம் நீலமாகிவிட்டது. எலாதியோ இல்லாவிட்டால் அன்றே போயிருப்பார். என் வீட்டுக்காரருக்கு மீன்பெட்டி தூக்குவதைத் தவிர ஒன்றும் வராது என்று நீ கேலி செய்வாயே, அவர்தான் அப்பாவைக் குப்புறக் கவிழ்த்து முதுகில் அடித்து மூச்சு வரவைத்தார். தொண்டைப் பயிற்சி கொடுக்க வருகிற அம்மாள் என்னைக் காய்ச்சி எடுத்துவிட்டாள். "தண்ணியா உடையற எதையும் குடுக்காதீங்கன்னு எத்தன வாட்டி சொன்னேன்? காதுல என்ன வச்சிருந்தீங்க?" என் தம்பி பெரிய சமையல்காரன் என்று சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் விட்டேன்.

உனக்கு நான் எழுதியிருந்தேன் செர்வாந்தோ. குடிக்கிற தண்ணீரைக்கூடக் கூழாக்கிக் கொடுக்கிறேன் என்று எழுதியிருந்தேன். நீ அதைப் படிக்கவில்லை. உன்னைப் பற்றி எழுதியதை மட்டும் நாலு முறை படித்திருப்பாய்.

அதற்குப் பிறகு எதைக் கண்டாலும் பயப்படுகிறார். தட்டை மட்டும் தள்ளுகிறார்.

பால்மா


மாட்ரிட், 15 மார்ச் 2005

அக்கா,

நீ திட்டியது போதவில்லை. இன்னும் திட்டியிருக்கலாம்.

இரண்டு நாள் சமையலறைக்குள் போகவில்லை. பிறகு போனேன். வேறு என்ன தெரியும் எனக்கு? வாயின் ஒரு பக்கத்தை மரக்க வைத்து என் ஆலிவை நானே தின்று பார்த்தேன், எனக்கே புரையேறியது. ஜெலட்டினும் ஆகாது, வாய்ச்சூட்டில் தண்ணீராகிவிடும். கடற்பாசிப் பொடிதான் நிற்கிறது. கூனி இறாலை அதன் ஓட்டோடு மை மாதிரி அரைத்து, பொரித்த மாவைக் குழம்பில் ஊறவைத்துச் சேர்த்து, கடற்பாசியில் கட்டி, உள்ளங்கை அகலத்துக்கு மெல்லிய அடையாக வார்த்தேன். பார்ப்பதற்கு அப்பாவின் இறால் அடை மாதிரியே இருக்கிறது. ஓரம்கூடப் பழுப்பாக வந்திருக்கிறது. நாக்கால் அழுத்தினால் போதும், தண்ணீர் விடாது. பயிற்சி அம்மாளிடம் முதலில் காட்டு. அவர் சரி என்றால்தான் கொடு.

மொறுமொறுப்பு மட்டும் வரவில்லை. பதினோரு வகையாகச் செய்து பார்த்தேன். இறால் அடையில் மொறுமொறுப்பு போனால் என்ன மிச்சம் என்று அப்பாவே கேட்பார். ஒரு யோசனை தோன்றியது, சிரிக்காதே. நீ அவர் பக்கத்திலேயே அடுப்பை வைத்து நிஜ அடையைப் பொரி. எண்ணெய்ச் சத்தம் காதுக்குப் போகட்டும், வாசனை மூக்குக்குப் போகட்டும். நீ மொறுமொறுவென்று கடி. அவர் வாயில் இது இருக்கட்டும். பாதி அடையை அவர் காதால் சாப்பிடுவார்.

இதுவும் கூத்துதான், தெரியும். எனக்குத் தெரிந்தது அதுதான் அக்கா.

எட்டு அடை இருக்கிறது. சாப்பிட்டாரா என்று ஒரு வரி எழுது.

செர்வாந்தோ


காதிஸ், 2 ஏப்ரல் 2005

தம்பி,

ஒரு வரி கேட்டாய். பக்கம் பக்கமாக எழுதப்போகிறேன், பொறுமையாகப் படி. இந்தத் தடவை எல்லா வரியையும் படி.

பயிற்சி அம்மாள் ஒரு அடையைக் கரண்டியால் குத்தி, கவிழ்த்து, முகர்ந்து பார்த்துவிட்டு, "இத யாரு பண்ணது? எங்க ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லுங்க" என்றாள். அதற்கு மேல் ஒரு புகழ்ச்சி உனக்குக் கிடைக்காது. நீ சொன்னபடியே அடுப்பைக் கூடத்துக்குக் கொண்டுவந்து பொரித்தேன். ஒரு அடையைத் தட்டில் வைத்து அவர் முன்னால் நகர்த்தினேன். என் பக்கம் தள்ளிவிட்டார். மறுநாள் மறுபடியும் ஒன்று, மறுபடியும் தள்ளல். உன்மேல் எனக்குக் கோபம்கூட வரவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு அடையைப் பெட்டியில் திரும்ப வைத்தேன்.

மூன்றாம் நாள் எனக்குப் பசி தாங்கவில்லை. காலையிலிருந்து ஒன்றும் உண்ணவில்லை. போனால் போகட்டும் என்று நான் பொரித்த நிஜ அடை, நீ அனுப்பியது, எல்லாவற்றையும் கடையின் பெரிய தட்டிலேயே கொட்டி மேசை நடுவில் வைத்துவிட்டு என்பாட்டுக்குத் தின்ன ஆரம்பித்தேன். ஒன்றை எடுத்துக் கடித்தேன். அப்பா கை நீட்டி உன்னுடையதில் ஒன்றை எடுத்தார்.

நான் இன்னொன்று எடுத்தேன். அவரும் எடுத்தார். நான் நிறுத்தினால் அவரும் நிறுத்துகிறார். இப்படியே இருவரும் மாறி மாறி எடுத்துத் தின்றோம். கடைசியில் ஒன்று மிஞ்சியது. அதை என் பக்கம் தள்ளி, "இதோ வருது" என்றார்.

புரிகிறதா உனக்கு? எனக்கு அப்போதுதான் புரிந்தது. தட்டில் ஒன்றே ஒன்று இருந்தால் அது அவருக்கு வெட்கத் துண்டு. எதிரே ஒருத்தி வெறும் வயிற்றோடு உட்கார்ந்திருக்கும்போது அதை எப்படி எடுப்பார்? ஆறு வாரமாக நான் அவருக்கு வெட்கத் துண்டையே நீட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். கூழைக் கண்டு அவர் அருவருக்கவே இல்லை. எனக்கு மிச்சம் வைத்தார். உன் ஆலிவில்கூட இரண்டை எனக்குத் தள்ளிவிட்டுத்தான் ஒன்றை எடுத்தார்.

இனி சொல்லப்போவது கஷ்டமானது. உன் கடை திறந்த அன்று மேசையில் நாங்கள் மூன்று பேர். அப்பா, நான், எலாதியோ. தட்டுக்கு இரண்டு துண்டு. பத்தொன்பது தட்டு. நீ அணைத்த விளக்கும் கொட்டிய முரசும் எங்களுக்கு வேடிக்கையாக இருந்தது. ஒவ்வொரு முறையும் அப்பா, "எனக்குப் பசியில்ல, நீங்க சாப்பிடுங்க" என்றார். நாங்கள் சாப்பிட்டோம். அதை நான் பிறந்ததிலிருந்து அவர் எல்லா மேசையிலும் சொல்லி வருகிறார், அதனால் என் காதில் விழவே இல்லை. கடையில் எல்லோரும் போன பிறகு கவுண்டரில் நின்றபடியே, தட்டுகளில் மிஞ்சியதைத் தின்பாரே, அதுதானே அவர் சாப்பாடு. உன் கடையில் எதுவும் மிஞ்சவில்லை.

எட்டு மணி நேரம் பஸ்ஸில் பட்டினியாக வந்தார். வழியில் ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "பய நல்லா சமைக்கிறான். வாசனையே சொல்லுது."

அதை உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். நீ அவரைப் பேசிய பேச்சுக்கு இந்த நல்ல வார்த்தை உனக்குக் கிடைக்கக் கூடாது என்று நானே முடிந்து வைத்துக்கொண்டேன். ஒன்றரை வருடம். என்னை மன்னி என்று கேட்கக்கூட வாய் வரவில்லை.

பால்மா


மாட்ரிட், 9 ஏப்ரல் 2005

அக்கா,

உன் கடிதம் மதியம் வந்தது. அடுப்படியில் நின்று படித்தேன். வாசனையே சொல்லுது. அந்த இடத்துக்கு மேல் படிக்க வெகுநேரம் ஆயிற்று.

அன்று மாலை, இனி எல்லோருக்கும் முழுதாக வையுங்கள், முரசு வேண்டாம் என்றேன். கடையில் என் பங்குதாரன் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பது போலப் பார்த்தான். "ஜனங்க வர்றதே அதுக்குத்தானே! ஆகஸ்ட் வரைக்கும் மேச புக் ஆயிருக்கு. என்ன, சாமியாராப் போகப் போறியா?" என்றான். விளக்கு அணைந்தது, முரசு கொட்டியது. நாலாம் மேசையில் ஒரு பெரியவர் கையை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். சன்னலிலிருந்து பார்த்தேன். ஒன்றும் செய்யவில்லை. அடுத்த தட்டுக்கும் ஒன்று குறைத்துத்தான் வைத்தேன்.

பன்னிரண்டு அடை அனுப்பியிருக்கிறேன். காடியில் ஊறிய சுறாவும் அதே முறையில் வந்துவிட்டது. வாரா வாரம் அனுப்புகிறேன். நீ எதிரே உட்கார்ந்து சாப்பிடு அக்கா, எழுந்துவிடாதே.

பட்டியல் வந்ததும் வருகிறேன். பொய் சொல்லவில்லை, பயமாக இருக்கிறது. வந்து என்ன பேசுவேன் என்று தெரியவில்லை. அதை யோசிக்கக் கொஞ்சம் நாள் கொடு.

செர்வாந்தோ


காதிஸ், 6 மே 2005

தம்பி,

நீ கேட்ட நாள் முடிந்துவிட்டது. போன வெள்ளிக்கிழமை மறுபடியும் பக்கவாதம் வந்தது. அதன்பின் நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல். தொண்டை முழுக்கப் போய்விட்டது. வயிற்றில் குழாய் வைத்துவிட்டார்கள். இனி வாய் வழியாக ஒன்றும் கூடாது, உன் அடைகூட.

இரண்டே கால் கிலோ ஏறியிருந்தார். அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

மதியம் ஒரு மணியானால் மேசையைக் காட்டுகிறார். நாற்காலியில் கொண்டுபோய் உட்கார வைக்கிறோம். தட்டு வேண்டும் என்கிறார். உன் அடைகளை வைத்து நானும் எலாதியோவும் அவர் கண் முன்னாலேயே தின்கிறோம். பாவம் செய்கிற மாதிரி இருக்கிறது, ஆனால் தின்னாவிட்டால் அவர் விடுவதில்லை. கடைசி ஒன்றுக்கு வந்ததும் தட்டைக் கையால் பிடித்துக்கொள்கிறார். எடுக்க விடுவதில்லை. வாசலைப் பார்க்கிறார்.

அது யாருக்கு என்று நான் சொல்ல வேண்டுமா? பட்டியல் கிடக்கட்டும். வா.

பால்மா


மாட்ரிட், 18 மே 2005

அக்கா,

திங்கட்கிழமை நீ வேண்டுமென்றேதான் சந்தைக்குப் போனாய். மூன்று மணி நேரம் மீன் வாங்கத் தேவையில்லை. எங்களைத் தனியாக விட்டதற்கு நன்றி சொல்வதா, திட்டுவதா என்று தெரியவில்லை. நீ திரும்பி வந்து, "பேசினியா?" என்று கேட்டதற்குத் தலையை ஆட்டினேன். நான் பேசவே இல்லை.

வழி முழுக்க வார்த்தைகளைச் சேர்த்து வைத்திருந்தேன். அவர் எதிரே உட்கார்ந்ததும் ஒன்றும் இல்லை. இவ்வளவு சின்னதாகிவிட்டார் என்று நீ எழுதவில்லையே. என் கையைப் பார்த்தார். சூடுபட்ட தழும்புகளை ஒவ்வொன்றாகத் தடவினார், சமையல்காரன் சமையல்காரனின் கையைப் பார்க்கிற மாதிரி. பிறகு தட்டை என் பக்கம் தள்ளினார். ஒரு அடை இருந்தது. "இதோ வருது" என்றார், காதில் விழுந்தும் விழாத குரலில்.

அக்கா, என் வாய் தானாகவே என்ன சொன்னது தெரியுமா? "எனக்குப் பசியில்லப்பா, நீங்க சாப்பிடுங்க."

வயிற்றில் குழாய் வைத்த மனிதரிடம் சொன்னேன். பஸ்ஸில் எட்டு மணி நேரம் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் வந்தவன் சொன்னேன். சொன்ன பிறகுதான் என் காதிலேயே விழுந்தது. அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார், பாதி முகத்தால். கோபம் துளியும் இல்லை. தான் வளர்த்த பிள்ளைதான் என்று தெரிந்துகொண்ட சிரிப்பு. உடனே எடுத்துத் தின்றிருக்கலாம். கை நீளவில்லை. இரண்டு பேரும் அந்த ஒற்றை அடையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தோம். அவர் தூங்கிப்போனார். பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று எழுந்து வந்துவிட்டேன்.

உலகத்துக்கே அந்தத் துண்டை எடுக்கச் சொல்லிக் கொடுக்கிறவன் நான். முரசெல்லாம் கொட்டுகிறேன்.

வரும் திங்கட்கிழமை மறுபடியும் வருகிறேன். இந்தத் தடவை வாசலில் நுழைந்ததும் எடுத்துத் தின்றுவிடுவேன், அவர் பார்க்கத் தின்பேன். அதுவரை அதை எறிந்துவிடாதே.

செர்வாந்தோ


காதிஸ், 24 மே 2005

தம்பி,

உன் பதினெட்டாம் தேதிக் கடிதம் நேற்றுத்தான் வந்தது. சனிக்கிழமை அப்பாவை அடக்கம் செய்து, ஞாயிறு காலை உன்னைப் பஸ் ஏற்றிவிட்ட பிறகு. தபால்காரரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. முன்னால் வந்திருந்தாலும் நான் என்ன செய்திருப்பேன்?

நீ இங்கே இருந்த இரண்டு நாளும் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. இப்போது படித்துவிட்டேன். உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. நீ எடுத்திருந்தால்தான் ஆச்சரியப்பட்டிருப்பேன்.

அந்த அடையை நான் எறியவில்லை. நீ போன பிறகு அவர் அதைத் தொட விடவில்லை. ராத்திரி அவர் தூங்கிய பிறகு குளிர்பெட்டியில் வைத்து, மதியம் எடுத்து முன்னால் வைத்தேன். செவ்வாய், புதன், வியாழன். வெள்ளிக்கிழமை காலை அவர் எழுந்திருக்கவில்லை.

அடக்கம் முடிந்து எல்லோரும் கடைக்கு வந்தார்களே, நினைவிருக்கிறதா? நீதான் உள்ளே நின்று பொரித்தாய். கூத்து ஒன்றும் இல்லாமல், சுறாவும் அடையும், அப்பா பொரித்த மாதிரியே. தெரு முழுக்க வந்து சாப்பிட்டது. "கை அப்படியே ஹெர்மான் கை" என்று அப்பா பேரைச் சொல்லியே எலாதியோவின் அம்மா மெச்சினாள், உனக்குக் கேட்டதா தெரியவில்லை. இதையும் முடிந்து வைத்துக்கொள்ளாமல் சொல்லிவிடுகிறேன்.

நீ பஸ் ஏறிய பிறகு கடையைத் திறந்தேன். சனிக்கிழமை அப்படியே போட்டுவிட்டுப் படுத்துவிட்டோம் அல்லவா. மேசைகளில் பதினோரு தட்டு இருந்தது. பதினொன்றும் காலி, ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு துண்டு. நீ பொரித்து முடித்து வந்து என்னோடு உட்கார்ந்த மேசையிலும் ஒன்று. அவ்வளவு பேர் வந்தார்கள், ஒருத்தர்கூட எடுக்கவில்லை.

நான் கவுண்டருக்குப் பின்னால் போய் நின்றேன். நின்றபடியே பதினொன்றையும் தின்றேன். ஆறிப்போய் விறைத்திருந்தன. அழுதுகொண்டே தின்றேன், ஆனாலும் சொல்கிறேன், நீ உப்பு குறைவாகத்தான் போடுகிறாய்.

பன்னிரண்டாவது உன்னுடையது. குளிர்பெட்டியில் அவருடைய தட்டிலேயே இருக்கிறது. ஓரமெல்லாம் சுருண்டு நிறம் மாறிவிட்டது. இனி யாரும் அதைத் தின்ன முடியாது. எறியலாம் என்று இரண்டு முறை கையில் எடுத்தேன், திரும்ப வைத்துவிட்டேன்.

அதை நான் என்ன செய்யட்டும் செர்வாந்தோ?

பால்மா